பிள்ளை பேசுந் தமிழ்

மழலை இனிது என்பதை மறுப்பார் இவ்வுலகில் இலர். குழலையும் யாழையும் மழலைக்குப் பின்னே நிறுத்திய திருவள்ளுவனாரின் குறளை எடுத்தோதாத பிறந்தநாள் விழாவும் திருமண மேடையும் நம் நாட்டில் அரியன. குறளைக் கேட்கின்றோம், கை தட்டுகின்றோம், வீடு திரும்பியதும், வாயிற்படியில் நின்று தன் அன்றைய செய்தியை மூச்சிரைக்கக் கூறவரும் குழந்தையை நோக்கி, “சரி, சரி, உள்ளே போய் விளையாடு” என்கின்றோம். அக்குழந்தை ஏதேனும் பிழைபடப் பேசினாலன்றோ நம் செவி திறக்கின்றது! அப்பொழுது வீடே கூடிச் சிரிக்கின்றது. மறுநாள் அச்சொல் அண்டை வீட்டிற்குச் செல்கின்றது; ஞாயிற்றுக்கிழமை ஆலய முற்றத்திற்குச் செல்கின்றது; ஒரு திங்களில் மறக்கவும் படுகின்றது. இச்சிரிப்பைக் குறித்தே யாம் ஈண்டுச் சில கூறப் புகுந்தோம்.

பத்தொன்பது வயதினராகிய மாணாக்கர்க்குப் பிள்ளை வளர்ப்பைப் பற்றிப் பேச என்ன உரிமை என்று எம் ஆசிரியன்மார் வினவக்கூடும். வினா நேரியதே. எம் தமக்கையின் கணவர் வெளிமாநிலத்தில் அலுவல் பார்ப்பவர்; ஆதலின் தமக்கை தன் மகளோடு எம் இல்லத்திலேயே தங்கினாள். அக்குழந்தையின் ஏழாந் திங்கள் தொட்டு இன்றுகாறும், பள்ளியும் கல்லூரியும் போக எஞ்சிய பொழுதிற் பெரும்பகுதி அவளுக்கே உரியதாயிற்று. சோற்றுக் கிண்ணத்தோடு முற்றத்தைச் சுற்றிவந்த சுற்றுக்களை எண்ணியிருப்பின் நெடுந்தொலைவு நடந்தவராவோம். நன்னூற் சூத்திரங்களை யாம் மனனம் செய்தது தூளிக் கயிற்றைப் பற்றிக்கொண்டேயாம். இன்றும் தேர்வு மண்டபத்தில் அவற்றை நினைவுகூர முயலுங்கால் எம் வலக்கை தானே முன்னும் பின்னும் அசைகின்றது. இவ்வளவே எம் தகுதி.

தமிழிற் பிள்ளைத்தமிழ் என்றொரு நூல்வகை உண்டென்பதை அன்பர் அறிவர். 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் குலோத்துங்க சோழன்மீது ஒன்று பாடினார். 17ஆம் நூற்றாண்டிற் குமரகுருபரர் மீனாட்சியம்மைமீது ஒன்று பாடினார். பாட்டுடைத் தலைவரைக் குழந்தையாகக் கொண்டு, காப்பு முதலாகப் பத்துப் பருவம் வகுத்துப் பாடுவது மரபு. தலையசைக்கும் செங்கீரை, தாலாட்டும் தால், கைகொட்டும் சப்பாணி, முத்தம், தளர்நடையிட்டு வரும் வாரானை, திங்களை விளையாட அழைக்கும் அம்புலி என்று அவை வளரும். ஆண்பாற் பிள்ளைத்தமிழ் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்பவற்றோடு முடியும். மூன்றாந் திங்களிற் றொடங்கி இருபத்தொன்றாந் திங்களில் நிறைவுறும் என்பது ஒரு கணக்கு.

இக்கணக்கை வகுப்பிற் கேட்ட அன்று எமக்கு ஓர் ஐயம் எழுந்தது. எம் தமக்கை மகள் சொல்லோடு சொல்லைச் சேர்த்துப் பேசத் தொடங்கியது ஏறக்குறைய அவ்விருபத்தொன்றாந் திங்களிலேதான். அஃதாவது, பிள்ளை பேசத் தொடங்கும் இடத்திற் பிள்ளைத்தமிழ் முடிந்துவிடுகின்றது! அந்நூல்களில் தாயர் பேசுவர், செவிலியர் பேசுவர், சிற்றில் இழைக்கும் சிறுமியர், “எம் மணல்வீட்டை அழியாதே” என்று வேண்டுவர், புலவரோ தம் புலமையெல்லாம் காட்டுவர். பிள்ளையோ தலையை ஆட்டும், கையைக் கொட்டும், தேரை உருட்டும். பெயர் பிள்ளைத்தமிழ்; பிள்ளை பேசுந் தமிழுக்கு மட்டும் அதில் இடமில்லை. இதனைக் குறையென்று கூறப் புலவர்முன் எமக்குத் துணிவில்லை. ஆயினும் நாம் இன்று வீட்டில் செய்வதும் அதுவே. குழந்தையைச் சுற்றி நாம் பேசுகின்றோம்.

குழந்தை என்ன பேசுகின்றது என்பதைச் சிறிது நின்று கேட்போம். எம் வீட்டுச் சிறுமி ஒருநாள் திண்ணைப் படியில் இடறி விழுந்தாள். அழுகை அடங்கியபின் தன் துன்பத்தை எமக்கு முறையிட்டாள்: “மாமா, நான் வியுந்தேன். அப்புறம் அயுந்தேன்.” ழகரம் அவள் நாவில் யகரமாகும் என்பதை ஈண்டுக் குறித்துக்கொள்க, இதனாற் பின்னர் நிகழ்ந்ததைக் கூறுவோம். ழகரத்தைத் திருத்திப் படித்தால் அவள் கூறியது, ‘விழுந்தேன், அழுந்தேன்’ என்பதாம். வீட்டார் சிரித்தனர், யாமும் சிரித்தோம். அன்றிரவு பாடத்தைக் கையில் எடுத்தபொழுதுதான் சிரிப்பு நின்றது. விழு என்பது விழுந்தேன் ஆகும். எழு என்பது எழுந்தேன் ஆகும். அங்ஙனமாயின் அழு என்பது அழுந்தேன் ஆகாமைக்குக் காரணம் யாது? உழுதேன், தொழுதேன், அழுதேன் என்பன வேறொரு வழியிற் செல்கின்றன. ஏன் என்பதற்குக் குழந்தைக்குக் கூறத்தக்க விடை எம்மிடம் இல்லை. ‘அழுந்தேன்’ என்று அவள் எவரிடமும் கேட்டிருக்க முடியாது, எங்கள் வீட்டில் எவரும் அங்ஙனம் பேசுவதில்லை. தானே விதி கண்டு, தானே புணர்த்து, தானே வழங்கினாள். விதி பிழையன்று, மொழியே அவ்விடத்தில் விதியை மீறி நின்றது.

மற்றொருநாள் முற்றத்திற் சோறு கொத்த வந்த காக்கையைக் கண்டு, “காக்கா வந்தாங்க” என்றாள். பெரியோரை ‘வந்தாங்க’ என்று கூறல் வேண்டும் என அதற்கு முந்திய வாரந்தான் அவள் அன்னை கண்டித்திருந்தாள். காக்கைக்கு மரியாதையா என்று அனைவரும் நகைத்தனர். நன்னூல் கற்றோர் நகைத்தற்கு இதில் ஒன்றுமில்லை. உவப்பு மிகுந்தவிடத்து அஃறிணையை உயர்திணையாக்கிக் கூறுதல் திணை வழுவமைதி என்று இலக்கணம் இடந்தருகின்றது. பசுவை அம்மை என்று அழைத்து, ‘வந்தாள்’ எனப் பெண்பால் வினை கொடுத்தாலும் குற்றமில்லை என்பர். கற்றவன் கூறின் வழுவமைதி, குழந்தை கூறின் வழு என்பது எவ்வகை நீதி? ‘இல்முன்’ என்பதனை ‘முன்றில்’ என முன்பின்னாக மாற்றி வழங்கின் அஃது இலக்கணப்போலி. மதுரையை மருதை என்று நம் பாட்டன்மார் கூறினால் மரூஉ. குதிரையைக் ‘குருதை’ என்று குழந்தை கூறினால் மட்டும் ஊரெல்லாம் சிரிப்பு! ஏழு நாளில் மரியாதைப் பன்மையைக் கற்றுக் காக்கை வரையிற் கொண்டு சென்ற மாணவியை எந்த ஆசிரியரும் பாராட்டியே தீர்வர்.

மரியாதையைப் பற்றிய பேச்சு வந்தமையால் இதனையும் கூறிவிடுகின்றோம். விடுமுறையில் வந்திருந்த அவள் தந்தையார் ஆலயப் போதகரோடு திண்ணையில் அமர்ந்து உரையாடிக் கொண்டிருந்தார். உள்ளிருந்து ஓடிவந்த சிறுமி, தன் அன்னையின் குரலிலேயே, “என்னங்க, காப்பி ஆறுது, வாங்க” என்றாள். தந்தையார் முகம் சிவந்தது. போதகர் எழுந்து, “அழைப்பு வந்துவிட்டது, போய் வாருங்கள்” என்று கூறிய அமைதியை யாம் என்றும் மறவோம்.

காலம் என்பது அவளுக்குப் பெரும் இடர் விளைத்தது. “நேத்து நாம கடலுக்குப் போவோமா?” என்பாள். வினைமுற்றில் எதிர்காலம் பிறழாது நிற்கும். நாட்பெயர் மட்டும் பிறழும். இதற்கும் சிரித்தோம். இந்தி பேசுவோர் நேற்றுக்கும் நாளைக்கும் ‘கல்’ என்னும் ஒரு சொல்லையே வைத்துக்கொண்டு, வினையைக் கொண்டு காலம் அறிந்து வாழ்கின்றனர் என்பதைப் பின்னர்த்தான் அறிந்தோம். மணப்பாட்டுக் கடற்கரைக்கு நாளைக்குப் போவோம் என்று தமக்கை ஒருமுறை வாக்களித்தாள். விடியுமுன் எழுந்த சிறுமி எம்மை உலுக்கி, “மாமா, இப்போ நாளைக்கு ஆயிடுச்சா?” என்றாள். இல்லை, இன்றைக்குத்தான் ஆயிற்று என்றோம். அடுத்த நாளும் கேட்டாள். அன்றும் இன்றைக்குத்தான் ஆகியிருந்தது. மூன்றாம் நாள், பாலைக் குடி என்று அன்னை கிண்ணத்தை நீட்டியபொழுது, அவள் முகத்தில் ஒரு சலனமுமின்றி, “நாளைக்கு” என்றாள். அகராதிகள் அச்சொல்லுக்கு என்ன பொருள் கூறினும், எம் வீட்டில் அது ‘இல்லை’ என்னும் பொருளில் வழங்குவதை அவள் பிழையற உணர்ந்துவிட்டாள். அவ்வாரமே மணப்பாட்டிற்குச் சென்று வந்தோம்.

புறநானூற்றில் ஔவையார் அதியமானைப் பாடுமிடத்து, மழலை யாழிசையோடு ஒவ்வாதது, காலம் பொருந்தாதது, பொருள் அறியப்படாதது. எனினும் தந்தையர்க்கு அருளை விளைப்பது என்னும் கருத்தை வைத்தார். மழலைக்குப் பொருளேயில்லை என்று இதனைச் சிலர் விரித்துரைப்பர். மூதாட்டியார் அங்ஙனம் கூறினாரல்லர். பொருள் அறியப்படாதது என்பது அவர் கருத்து. அறியாமை எவருடையது என்பதை நாமே உய்த்துணரவேண்டும்.

அறிய முயன்றோர் பிறநாடுகளிற் சிலர் உளர். உயிரினங்களின் தோற்றத்தை ஆராய்ந்த சார்லஸ் டார்வின், 1839ஆம் ஆண்டு பிறந்த தம் முதல் மகனின் செய்கைகளை நாட்குறிப்பாக எழுதிவைத்து, 1877இல் ‘மைண்ட்’ என்னும் இதழில் வெளியிட்டார். குழந்தைக்குச் சரியாக ஓராண்டு நிரம்பிய காலத்து, அவன் உணவுக்கு ‘மம்’ என்று தானே ஒரு சொல்லைப் படைத்துக்கொண்டான் என்கின்றார். இதனைப் படித்தபொழுது எம் தமக்கைக்கும் வாசித்துக் காட்டினோம். “இதைக் கண்டுபிடிக்க அவ்வளவு பெரிய மனிதர் வேண்டுமா? நம் வீட்டிலும் ‘மம்மு’ தானே!” என்றாள். உண்மையே. ஆனால் நம் வீட்டில் எவரும் எழுதிவைக்கவில்லை. உருசிய நாட்டில் கொர்னேய் சுகோவ்ஸ்கி என்பார் சிறுவர் மொழிகளைத் திரட்டி 1928இல் ஒரு நூல் வெளியிட்டார். ‘இரண்டு முதல் ஐந்து வரை’ என்னும் பெயரோடு அது பின்னர்ப் பன்முறை வளர்ந்தது. 1958இல் அமெரிக்க நாட்டு ஜீன் பெர்கோ என்னும் பெண்மணி, உலகில் இல்லாத ஒரு பறவை போன்ற உருவை வரைந்து, அதற்கு ‘வக்’ என்று இல்லாத பெயரையும் இட்டு, இரண்டு நின்றால் என்ன என்று சிறுவரை வினவினார். கேட்டறியாத சொல்லுக்கும் அவர்கள் முறையாகப் பன்மை விகுதி சேர்த்தனர். கேட்டதைக் கிளிபோற் கூறுவதன்று, விதியைக் கண்டு வழங்குவதே குழந்தை செய்வது என்பது இதனாற் புலனாயிற்று. எம் வீட்டு ‘அழுந்தேன்’ அவ்வினத்தைச் சேர்ந்ததே. திருத்தாமலே விட்டோம், ஆறு திங்களில் ‘அழுதேன்’ தானே வந்தது.

இனி யாம் கூறவேண்டியதற்கு வருவோம். கூற எமக்கு வெட்கமுண்டு.

ழகரம் யகரமாகும் நாவில் பழம் என்னவாகும்? பயம் ஆகும். இதிலும் அவள் தனித்தவளல்லள். சென்னைப் பேச்சில் முதியோர் நாவிலேயே ‘வாயப்பயம்’ கேட்கலாம். “எனக்குப் பயம் வேணும்” என்று அவள் முதன்முதற் கேட்டபொழுது, “பயமா? எத்தனை வேண்டும்? பெரிதா, சிறிதா?” என்று யாம் கண்களை உருட்டினோம். அவளும் கலகலவென்று சிரித்தாள். அந்நாட்சிரிப்பைக் குற்றம் கூறோம். பிறகு கைப்பேசியை எடுத்தோம். ஒரு நாட்டுப்பழத்தை அவள் முகத்தின்முன் நீட்டி, “இது என்ன, சொல்லு” என்று கேட்டு, அவள் சொல்லியதைப் படமாகப் பிடித்து உறவினர் அனைவர்க்கும் அனுப்பினோம். சென்னையிலிருந்து ஓர் அத்தையார், மற்றொருமுறை சொல்லச் சொல் என்றார். வேறொருவர், ‘பயம் தோலோடா, தோல் உரித்தா’ என்று கேட்கச் சொன்னார். விருந்தினர் எவர் வரினும் தாரிலிருந்து ஒரு பழம் பறிக்கப்பட்டது. அவள் சொன்னாள், அவர்கள் சிரித்தனர், அவள் பழம் பெற்றாள். சில கிழமைகளில் அவள் சிரிப்பது நின்றுபோயிற்று என்பதை யாம் கவனித்திருத்தல் வேண்டும். கவனிக்கவில்லை.

ஐப்பசி மழையில் ஓரிரவு மின்சாரம் அறுந்தது. தமக்கை பின்கட்டில் விளக்கைத் தேடிக்கொண்டிருந்தாள். இடி ஒன்று மிக அருகில் விழுந்தது. இருட்டிற் சிறுமி எம் அறைவாயிலில் வந்து நின்று, “மாமா, பயம்” என்றாள்.

யாம் என் செய்தோம் என்று எண்ணுகின்றீர்கள்? சிரித்தோம். “இந்நேரத்திலா?” என்று கூறிக்கொண்டே, இருட்டில் தடவித் தாரிலிருந்து ஒரு பழத்தைப் பறித்து, உரித்து, அவள் கையில் வைத்தோம். அவள் அதை வீசியெறிந்தாள். அதன்பின் அவள் அழுத அழுகை, அப்பொழுது நிகழ்ந்த இடியினும் எமக்கு நன்கு நினைவிருக்கின்றது. அச்சத்தைக் கூற அக்குழந்தையிடம் இருந்தது ஒரே ஒரு சொல். அச்சொல்லை வேடிக்கைக்கு யாம் முன்பே விற்றுவிட்டோம்.

அன்று தொட்டுப் பல திங்கள்காறும் அவள் அச்சொல்லைக் கூறவில்லை. பழம் வேண்டின், “அது” என்று விரலாற் சுட்டினாள். அச்சமுற்றால் ஒன்றும் பேசாது வந்து எம் சட்டையின் விளிம்பைப் பற்றிக்கொண்டு நின்றாள். அவ்வாண்டுக் கிறிஸ்துமஸ் விருந்திற்கு உறவினர் கூடினர். ஒருவர் வாழைப்பழத்தோடு அவளை அணுகினார். அவள் இதழை இறுக மூடிக்கொண்டு பாட்டியாரின் சேலைக்குப் பின்னே மறைந்தாள். “பிடிவாதக்காரி” என்றார் அவர். யாம் அவ்விடத்திலேயே இருந்தோம், காரணம் எமக்குத் தெரியும், வாய் திறந்தோமல்லோம். அப்படத்தை எம் கைப்பேசியினின்றும் அன்றிரவே நீக்கினோம். ஏனையோரிடத்துள்ளதை நீக்க எம்மால் ஆகுமோ? எத்தனை கைகளுக்கு அது சென்றதென்று கணக்கிடுதற்கும் வழியில்லை. முற்காலத்து அம்மன்னுயிர்ச் சிரிப்பு முற்றத்தோடு முடிந்தது. அண்டை வீட்டிற்குச் சென்றாலும் ஒரு திங்களில் மறைந்தது. இக்காலத்துச் சிரிப்போ அழியாது நிற்கின்றது. அவள் பள்ளிக்குச் செல்லும்பொழுதும், கல்லூரிக்குச் செல்லும்பொழுதும் எவரோ ஒருவர் கையில் அது இருக்கும்.

சிரிப்பே கூடாதென்று கூறுகின்றோமா எனின், இல்லை. சிரிப்பில்லாத வீட்டிற் குழந்தை வளராது, வளரினும் பேசாது. தொல்காப்பியனார் மெய்ப்பாட்டியலில் நகைக்கு நிலைக்களம் நான்கு வகுத்தார்: இளமை, மடன், பேதைமை, எள்ளல் என்பன. இளமை கண்டு பிறக்கும் நகையையும் பிறரை இகழ்தலாற் பிறக்கும் நகையையும் அவர் ஒன்றாக்காது வேறு வேறாக எண்ணினார் என்பதை நோக்குக. முன்னதிற் குழந்தையும் சேர்ந்து சிரிக்கும். பின்னதில் அதன் முகத்தைப் பார்த்தாற் போதும், வேறு இலக்கணம் வேண்டா. எம் குற்றம் சிரித்தது அன்று. முன்னதிற் றொடங்கிப் பின்னதில் முடிந்ததை உணராதது.

நல்ல சிரிப்பு எத்தகையது என்பதற்கும் எம்மிடம் சான்றுண்டு. ஆலயத்திற் காணிக்கைப் பை வந்தபொழுது, கையிலிருந்த காசை அதில் இட்ட சிறுமி, பையை ஏந்தி வந்த முதியவரின் சட்டைக் கையைப் பற்றி இழுத்து, “மிட்டாய்?” என்றாள். காசு கொடுத்தால் ஒன்று பெறவேண்டும் என்பது அவள் கடைவீதியில் அறிந்த நீதி. பின்வரிசையிற் சிலர் வாயைப் பொத்திக்கொண்டனர். முதியவரோ குனிந்து, “ஆராதனை முடிந்ததும் தருகின்றேன்” என்று அவள் காதிற் கூறி நகர்ந்தார். முடிந்ததும் எதிர்க்கடையில் ஆரஞ்சு மிட்டாய் வாங்கி வந்து, மரத்தடியில் அவளைக் கண்டு கொடுத்துவிட்டே வீடு சென்றார். அவர் முகம் முழுவதும் சிரிப்பாகவே இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் மிட்டாய் கேட்கவில்லை. அவருக்கு வணக்கம் கூறினாள்.

திருத்துவோர் ஒரு சாரார் உளர். பிழையைப் பிழையென்று அன்றே கூறாவிடின் அது நிலைத்துவிடும் என அஞ்சுவர். எமக்கு அவ்வச்சம் இல்லை. ‘குருதை’யிற் கல்லூரிக்கு வந்த மாணாக்கர் எவரையும் யாம் கண்டிலோம்.

யாம் வேண்டுவது மிகச் சிறிது. எம் இல்லத்திற் பாட்டனார் காலத்து வேதாகமம் ஒன்றுண்டு. அதன் வெற்றுத் தாள்களில் வீட்டிற் பிறந்தோர் பெயரும், பிறந்த நாளும், ஞானஸ்நானம் பெற்ற நாளும், மணநாளும் மையால் எழுதப்பட்டுள்ளன. கிறிஸ்தவ இல்லங்கள் பலவற்றில் இவ்வழக்கம் உண்டு. எம் தந்தையாரின் பெயரும் அதில் இருக்கின்றது. ஆனால் அவர் முதலிற் கூறிய சொல் யாது, எதைக் கண்டு என்ன வினவினார் என்பதற்கு ஒரு வரியுமில்லை, கேட்டவர்களும் மறைந்தனர். ஆதலின் தமக்கையும் யாமும் நாற்பது பக்கச் சுவடி ஒன்று வாங்கினோம். சொன்னதைச் சொன்னபடியே எழுதுதல், நாளும் வயதும் குறித்தல், என்ன நிகழ்ந்தபொழுது சொன்னாள் என்பதையும் சேர்த்தல், அவள் கேட்டாலன்றிப் பிறர்முன் படியாமை: இவையே அதன் சட்டங்கள். ‘அழுந்தேன்’ முதற்பக்கத்தில் இருக்கின்றது. ‘பயம்’ என்பதையும் எழுதினோம், எம் பிழையோடு.

அச்சுவடியில் ஒன்பதாம் பக்கத்திலுள்ளதை மட்டும் ஈண்டுக் கூற அவளிடம் இசைவு பெற்றுள்ளோம். எம் தந்தையாரின் அன்னையாரை வீட்டில் அனைவரும் ஆச்சி என்போம். சிறுமியும் அங்ஙனமே அழைப்பாள். ஆச்சியின் திருமணப் படத்தைக் கண்ட சிறுமி, நிமிர்ந்து நின்ற அவ்வுருவத்தையும் அருகில் கூனியமர்ந்த ஆச்சியையும் மாறிமாறி நோக்கினாள். பின்பு, “நான் பெரிசா ஆகும்போது நீ சின்னதா ஆயிடுவே. அப்போ உன்னைத் தூளியிலே போட்டு ஆட்டுவேன்” என்றாள். அன்று அனைவரும் சிரித்தோம். ஆச்சியே பெரிதும் சிரித்தார்.

இவ்வாண்டு ஆச்சி வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுக்கையிலாயினார். உடல் மிகச் சுருங்கிவிட்டது. கட்டிலின் ஒரு மூலை போதுமானதாயிற்று. நான்கு வயது கடந்த சிறுமி மாலைதோறும் அக்கட்டிலில் ஏறி அமர்ந்து, கிண்ணத்திற் பிசைந்த வாழைப்பழத்தைக் கரண்டியால் ஊட்டுகின்றாள். ‘பயம்’ இப்பொழுது அவள் நாவில் இல்லை; ழகரமும் இன்னும் வரவில்லை; இடையில் லகரம் வந்து நிற்கின்றது. நேற்று மாலை யாம் சுவடியோடு வாயிலில் நின்றோம். “ஆச்சி, வாயைத் திற. பலம் சாப்பிடு” என்றாள். ஆச்சி வாயைத் திறந்தார்.